ரிட்டர்ன் சப்ளை

கஜா புயல் அடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புத் தெருவில், வெளிமாவட்டத்திலிருந்து வந்த மின்வாரியக் குழு கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வீடு வீடாக சர்வீஸ் வயரைக் கட்டிக்கொண்டிருந்தது. எந்த வயர் எந்த வீட்டுக்குப் போகிறது என்று காட்ட உள்ளூர் வயர்மேன் ஒருவர் கூடவே நடந்தார்.

சாய்ந்து கிடந்த தென்னை மட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சர்வீஸ் வயரை உருவி, ஏணியில் நின்ற லைன்மேனிடம் நீட்டியது அந்த வயர்மேன்தான். லைன்மேன் வயரை வாங்கினார். கட்டுவதற்கு முன் இரண்டு முனையிலும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் பன்னிரண்டு நாளாக ஒரு பொட்டு கரண்ட் கிடையாது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் பிடுங்கிக் கிடந்தது. அதற்கும் அப்பால் லைனே இல்லை. ஆனாலும் பார்த்தார்.

லாம்ப் எரிந்தது.

ஏணியில் நின்றவர் கத்தவில்லை. வயரை மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, சத்தம் கேக்குதா பாருங்க” என்று மட்டும் சொன்னார். மரம் அறுக்கும் வாள்களின் இரைச்சல் ஓய்ந்த ஒரு நொடியில் வயர்மேனுக்குக் கேட்டது. வீட்டுக் கொல்லையில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வீட்டு மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வந்திருக்கிறார். ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சமையலறையின் 16 ஆம்பியர் பாயிண்டிலும் செருகிவிட்டார். மோட்டார் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, பாதித் தெருவின் செல்போன்களுக்கு அங்கேதான் சார்ஜ் ஏறியது. நல்ல மனதோடு செய்த காரியம். மெயின் சுவிட்சை மட்டும் யாரும் இறக்கவில்லை. புயல் இரவில் கரண்ட் தானாகப் போனதால் அதைத் தொடும் நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. சமையலறைப் பாயிண்டில் ஏறிய கரண்ட் டிபி பெட்டிக்குப் போய், மெயின் சுவிட்சைக் கடந்து, மீட்டர் வழியாக வெளியேறி, தோட்டத்தில் அறுந்து கிடந்த சர்வீஸ் வயரின் நுனிவரை வந்து நின்றது. இரண்டு நாள் மாலைகளில் அப்படி நின்றிருக்கிறது. அந்த மட்டைகளின் மேல்தான் பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள்.

மின்வாரியத்தில் இதற்கு ‘ரிட்டர்ன் சப்ளை’ என்று பெயர். லைனை நிறுத்திவிட்டு வேலை செய்பவரை, வீட்டுப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து தாக்கும் கரண்ட். இதில் பலர் நம்பும் ஒரு தவறான கணக்கு உண்டு. சின்ன ஜெனரேட்டர் ஒரு தெருவையே தாங்குமா, லைனில் ஏறினால் திணறி நின்றுவிடாதா என்பார்கள். தெரு முழுதும் இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அது உண்மைதான். அக்கம்பக்கத்து வீடுகளின் சுமை அத்தனையும் ஒரே மூச்சில் ஏறும்; என்ஜின் கரகரத்து அணைந்துவிடும். புயலுக்குப் பிறகோ கம்பி வாசலிலேயே அறுந்திருக்கும். சுமையே இல்லாததால் ஜெனரேட்டர் நிம்மதியாக ஓடும், அறுந்த முனையில் முழு 230 வோல்ட்டும் காத்திருக்கும். லைன்மேன் வந்து கைவைப்பது சரியாக அந்த முனையில்தான். டிரான்ஸ்பார்மர் வரை கம்பி இருந்து, ஜெனரேட்டரும் தாக்குப்பிடித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் அதே டிரான்ஸ்பார்மர் மறுதிசையிலும் வேலை செய்யும். கீழ்ப்பக்கம் 230 ஏறினால் மேல்பக்கம் பத்தாயிரத்தை ஒட்டி வரும்.

அந்த வயர்மேன் தொழிலுக்கு வந்தது 1994-ல், பதினாறு வயதில். மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். அன்றைக்குக் கடைத்தெருவில் மண்ணெண்ணெயில் ஓடும் ஸ்ரீராம் ஹோண்டாவும் பிர்லா யமஹாவும் சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் முனகும். கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாவுக்கும் லிஸ்டர் என்ஜின். அதை வண்டியில் ஏற்றி இறக்கவே நான்கு பேர் வேண்டும். கடைக்காரரைத்தான் அவர் இன்றும் ‘ஆசான்’ என்கிறார். டியூப் லைட்டின் நடுக்கத்தையும் ஃபேன் சத்தத்தையும் வைத்தே என்ஜினின் சுற்று குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார் ஆசான். நான்கு போல் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும் என்ற பாடத்தைப் பையன் படித்தது பிற்பாடு, ஐடிஐயில். காது அதற்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தது.

ஆசானிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. என்ஜின் ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் தெருவுக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். மேலே ஆள் இருக்கிறாரா என்று. இருந்தால் அவர் இறங்கும்வரை என்ஜின் ஓடாது. மாப்பிள்ளை அழைப்பே காத்திருந்தாலும் ஓடாது.

2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் நிறைய. வயர்மேனுக்கு அப்போது ஓய்வில்லாத வேலை. வீடுகளில் இன்வெர்ட்டர், கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு ஜெனரேட்டர். அந்த அவசரத்தில் ஒரு வீட்டில் அவர் செய்த வேலையை இன்றும் மறக்கவில்லை. செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று ஃபேஸை மட்டும் மாற்றும் ஒற்றைப் போல் சேஞ்ச் ஓவரைப் போட்டு, நியூட்ரலை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக விட்டுவிட்டார். எல்லாம் எரிந்தது, ஓடியது. வழியில் போன ஆசான் உள்ளே வந்து பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். “நியூட்ரல் எங்கப்பா போகுது?” என்று கேட்டார்.

தெருவுக்குப் போகிறது. அதுதான் கோளாறு. நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பூமியோடு சேர்ந்திருக்காது. அந்த நிலையில் வீட்டுக்குள் எங்காவது, ஈரம் ஏறிய மோட்டாரிலோ கிரைண்டரிலோ, ஃபேஸ் பூமியைத் தொட்டுவிட்டால் நியூட்ரல் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அதே கம்பி கம்பம்வரை பொதுவாகப் போகிறது என்றால், சர்வீஸ் அறுந்த நாளில் லைன்மேன் பயமின்றித் தொடும் கம்பியே உயிரோடு இருக்கும். வயர்மேன் அன்றைக்கே அதைக் கழற்றி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் இரட்டைப் போல் சேஞ்ச் ஓவரைத் தன் காசில் மாற்றிக் கொடுத்தார். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு நான்கு போல். அதற்குக் குறைந்த வேலையை அவர் அதன்பின் ஏற்றதில்லை.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பார்வைக்கு ஒரு பெட்டி, ஒரு கைப்பிடி. மேலே 1, நடுவே 0, கீழே 2. ஒன்றில் இபி, இரண்டில் ஜெனரேட்டர், நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக வேண்டுமானால் சைபரைக் கடந்துதான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லாதபடி உள்ளே இரும்பே தடுக்கிறது. மெயினை இறக்கிவிட்டுப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களிடம் அவர் இந்தத் தடுப்பைத்தான் காட்டுவார். ஞாபகத்தை நம்பும் ஏற்பாடு ஒரு நாள் இருட்டில் தவறும். ஒரு கல்யாண மண்டபத்தில் இபிக்கு ஒரு மெயின், ஜெனரேட்டருக்கு ஒரு மெயின் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். பந்தி நடக்கும்போது இபி வந்துவிட்டது. ஜெனரேட்டர் மெயினை இறக்காமலே யாரோ இபி மெயினை ஏற்றிவிட்டார்கள். ஒன்றுக்கொன்று தாளம் சேராத இரண்டு சப்ளை முட்டிக்கொண்ட அந்த நொடியில் வெடிச்சத்தம், ஃபியூஸ்கள் கருகல், ஆல்டர்னேட்டர் வைண்டிங் காலி. ஆட்களுக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம்.

புயலெல்லாம் ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும், தென்னந்தோப்புத் தெருவின் அந்த வீட்டுப் பெரியம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தோப்பில் பெரும்பாலான மரங்கள் போய்விட்டன. வந்த நிவாரணத்தில் ஒரு பகுதியைப் போட்டுச் சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கப் போவதாகச் சொன்னார். “அன்னைக்கு நடந்தது மாதிரி இன்னொரு தரம் நடக்கக் கூடாது தம்பி. எவ்வளவு ஆனாலும் சரியாப் பண்ணிக் கொடுங்க.”

முதலில் சுமையைக் கணக்கிட்டார். நான்கு சீலிங் ஃபேன் 300 வாட், விளக்குகள் 150, ஃபிரிட்ஜ் ஓடும்போது 200. இதுவரை ஒன்றுமில்லை. போர்வெல்லில் ஒரு எச்பி நீர்மூழ்கி மோட்டார் இருந்தது. எச்பிக்கு 746 வாட் என்ற கணக்கோடு கடைக்குப் போனால் 2 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம் என்று தோன்றும். மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுப்பது, ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு. ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது 35-ஐத் தாண்டும். சின்ன ஜெனரேட்டர் அங்கே மூச்சுத்திணறும், வோல்டேஜ் சரியும், மோட்டார் கிளம்பாமல் உறுமி, வைண்டிங்கைச் சூடாக்கிக்கொள்ளும். 5 கேவிஏ வாங்கச் சொன்னார். அதிலும் முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டி, அது சுற்றுக்கு வந்தபின் மற்றவற்றைப் போட வேண்டும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் ஒரு மோட்டார்தான் என்பதால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பக் கூடாது.

அடுத்து டிபி. வீடு முழுவதையும் ஜெனரேட்டரில் ஏற்றுவதை அவர் விரும்புவதில்லை. ஏற்றிவிட்டால் யாராவது பழக்கதோஷத்தில் ஹீட்டரைப் போட்டுவிடுவார்கள். பழைய டிபிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு டிபி வைத்து, மோட்டார், ஃபிரிட்ஜ், கூடம், சமையலறை விளக்கு, ஒரு படுக்கையறை ஆகியவற்றை மட்டும் அதற்கு இழுத்தார். இபியிலிருந்து வரும் ஜோடி சேஞ்ச் ஓவரின் ஒன்றில், ஜெனரேட்டர் ஜோடி இரண்டில், பொது முனையிலிருந்து சின்ன டிபிக்கு. ஏசியும் ஹீட்டரும் பழைய டிபியிலேயே நின்றன. இபி இருந்தால்தான் அவற்றுக்கு உயிர். இன்வெர்ட்டரின் இன்புட்டைச் சின்ன டிபியிலிருந்து எடுத்ததால் ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரியும் ஏறும். சில இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டரின் கரண்டை ஏற்க மறுத்து பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் நிலையிலிருந்து நார்மலுக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கொல்லைச் சுவரில் மழை படாத இடத்தில் ஒரு மூடிபோட்ட இன்லெட் பெட்டி. அதில் இருப்பது ஆண் பின். ஜெனரேட்டரிலிருந்து வரும் கேபிளின் முனையில் இருப்பது பெண். சேஞ்ச் ஓவர் இரண்டில் இல்லாதவரை அந்தப் பின்களைக் கையால் பிடித்தாலும் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை கட்டிய வயரில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு பக்கம் பிளக்கைப் பிடுங்கினால் கையிலிருக்கும் பித்தளைப் பின்னிலேயே கரண்ட். அந்த வயரை வயர்மேன் வாங்கி, அங்கேயே நடுவில் வெட்டிப் போட்டார்.

ஜெனரேட்டர் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் கொடுத்தார். விதியும் அப்படித்தான் சொல்கிறது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு மூடிய குழி ஒன்று புதிதாக வந்தது. ஜெனரேட்டரின் நியூட்ரலை அங்கேயே எர்த்தோடு இணைத்தார். பலர் விட்டுவிடும் வேலை இது. நியூட்ரல் பூமியைத் தொடாத ஜெனரேட்டரில், வீட்டிலுள்ள ஆர்சிசிபி பெட்டி சுவரில் இருந்தாலும் காரியத்துக்கு ஆகாது. ஒருவர் உடல் வழியாகக் கரண்ட் பூமிக்கு இறங்கி ஜெனரேட்டருக்குத் திரும்ப வழியிருந்தால்தானே அது வித்தியாசத்தைக் கண்டு அறுக்கும்? முதல் கோளாறில் அது சும்மா இருக்கும். கோளாறு வெளியே தெரியாது. இரண்டாவது கோளாறு வரும்போது ஆள் நடுவில் இருப்பார்.

பெரியம்மாவுக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. மழையில் நனையும், திருட்டும் போகும், ஆகவே ஜெனரேட்டர் பின்கட்டுத் தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும் என்றார் பெரியம்மா. கஜா சமயத்தில் அநேக வீடுகளில் அப்படித்தான் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் ஓட்டினார்கள். புகையில் கலந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலிக்கும், தூக்கம் வரும். தூக்கம் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. நகரத்து மனைகளில் 20 அடிக்குப் போனால் அடுத்தவர் படுக்கையறை ஜன்னல் வந்துவிடும் என்பது வேறு கவலை. தோப்பு வீட்டில் இடத்துக்கா பஞ்சம்? விழுந்த தென்னை மரங்களை அறுத்துக் கால் நட்டு, நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். சங்கிலி கட்டிப் பூட்டுவதற்குத் தரையில் ஒரு வளையமும் பதித்தார்கள்.

இப்போது அவருக்கு வரும் அழைப்புகளில் கூரைச் சூரியத் தகடுகளும் சேர்ந்துவிட்டன. 2024-ல் மத்திய அரசின் சூர்யா கர் திட்டம் வந்த பிறகு டெல்டா கிராமங்களிலும் தகடு ஏறுகிறது. இபி போனால் தகட்டின் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். லைன்மேனைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. வீட்டில் ஜெனரேட்டரும் இருந்து, தகட்டின் கரண்ட் சேஞ்ச் ஓவருக்கு உள்பக்கம் சேர்ந்திருந்தால், ஜெனரேட்டர் கொடுக்கும் வோல்டேஜைப் பார்த்து இபி வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளலாம். வெயிலில் விளையும் கரண்ட்டை ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளப் பார்க்கும். அதனால் தகட்டின் இணைப்பை அவர் எப்போதும் சேஞ்ச் ஓவருக்கு முன்னால், இபி பக்கத்தில்தான் வைக்கிறார்.

பெரியம்மா வீட்டு வேலை முடிந்த மறுவாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு இபியில் சப்ளையை நிறுத்தினார்கள். ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. வயர்மேன் தெருவுக்கு வந்து கம்பத்தைப் பார்த்தார். கொட்டகையில் ஜெனரேட்டரைக் கிளப்பி இரண்டு நிமிடம் சூடேற விட்டார். சின்ன டிபியின் எம்சிபிகளை இறக்கினார். சுமையோடு கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே நெருப்பு பறக்கும். ஒன்றிலிருந்து சைபர், சைபரில் ஒரு மூச்சு நேரம், பிறகு இரண்டு. பெரியம்மாவையே திருப்பச் சொன்னார். மோட்டார் முதலில். லேசாக உறுமி, சமாளித்து ஓடியது. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஃபிரிட்ஜ், அப்புறம் ஃபேன்.

பெரியம்மா திருப்தியோடு உள்ளே போகத் திரும்பினார். வயர்மேன் பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு முன்வாசல் மீட்டர் பெட்டிக்குப் போனார். சேஞ்ச் ஓவருக்கு அந்தப் பக்கம், கம்பத்திலிருந்து வரும் ஃபேஸிலும் நியூட்ரலிலும் முனைகளை வைத்தார். பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த பெரியம்மாவுக்கு முகம் மாறியது.

“எரியலையே தம்பி?”

“எரியக் கூடாது பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, ஒரு முனையை எர்த்தில் வைத்து ஃபேஸைத் தனியாகவும் நியூட்ரலைத் தனியாகவும் தொட்டுப் பார்த்தார்.